பழைய சொகுசு செடானும் புதிய சிறிய எஸ்யூவியும் – ஓர் ஒப்பீடு

இந்தியக் கார்ச் சந்தையில் பத்து ஆண்டு ஓடிய சொகுசு செடான் ஒன்றும், புதிதாக வந்த சிறிய எஸ்யூவி ஒன்றும் ஏறத்தாழ ஒரே விலையில் கிடைப்பதுண்டு. முதலாவது, புதிதாக இருந்தபோது பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்த கார். இரண்டாவது, நடுத்தரக் குடும்பங்களை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்ட கார். விலை ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடத் தோன்றும். ஆனால் வயது ஏற ஏறக் காரின் விலைதான் குறைகிறது. அதன் உதிரிபாகங்களின் விலையும் பழுதுபார்க்கும் கூலியும் அதே அளவில் குறைவதில்லை. இந்த ஒப்பீட்டின் மையக் கருத்து இதுவே.

இரு வகைகளும் உருவான விதம்

முன்புறம் இயந்திரத்துக்கும் நடுவில் பயணிகளுக்கும் பின்புறம் சாமான்களுக்கும் என மூன்று தனித்தனிப் பகுதிகளைக் கொண்ட கார் செடான் எனப்படுகிறது. இந்தியாவில் சொகுசு செடான்களின் உற்பத்தி 1990களில் தொடங்கியது. மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் புனேயில் முதலில் கால் பதித்தது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2007 மார்ச்சில் செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மகேந்திரா உலக நகரத்தில் தன் ஆலையைத் திறந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களை இங்கே பூட்டி முழுக் காராக்கும் முறையில் அந்த ஆலை இயங்கி வருகிறது.

சிறிய எஸ்யூவி என்ற வகை இந்திய வரி விதிகளால் வடிவம் பெற்றது. 2006ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, 4,000 மில்லிமீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலானால் 1,200 கன சென்டிமீட்டருக்கும் டீசலானால் 1,500 கன சென்டிமீட்டருக்கும் மேற்படாத இயந்திரமும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. அன்று முதல் நான்கு மீட்டர் என்பது கார் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வேலி போல ஆயிற்று. அந்த வேலிக்குள் உயரமான உடலையும் தரையிலிருந்து கூடுதல் இடைவெளியையும் பொருத்தியதன் விளைவே இவ்வகை. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 2013இல் விற்பனைக்கு வந்தது. மாருதி விட்டாரா பிரெஸ்ஸா 2016இலும், டாடா நெக்ஸான் 2017இலும், ஹூண்டாய் வென்யூ 2019 மே மாதத்திலும் அதைத் தொடர்ந்தன.

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மாற்றத்திலும் இதே நீள, இயந்திர வரம்புகள் தொடர்கின்றன. வரம்புக்குள் அடங்கும் கார்களுக்கு 18 விழுக்காடும், அதைத் தாண்டும் கார்களுக்கு 40 விழுக்காடும் வரி. எனவே விளம்பரத்தில் எஸ்யூவி எனப்படும் இந்தக் கார்கள் வரிச் சட்டத்தின் பார்வையில் சிறிய கார்களே.

ஒப்பீட்டுக்குரிய இரு கார்கள்

பொதுவாகப் பேசுவதைவிடக் குறிப்பிட்ட இரண்டு கார்களை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாக விளங்கும். இரண்டும் தமிழ்நாட்டில் தயாரானவை.

முதலாவது, பி.எம்.டபிள்யூ. 3 வரிசையின் 320டி. எஃப்30 என்ற குறியீட்டால் அறியப்படும் இந்தத் தலைமுறை 2012 ஜூலையில் இந்தியாவில் அறிமுகமானது. அப்போது அதன் காட்சியக விலை ஏறத்தாழ 29 லட்சம் ரூபாயில் தொடங்கியது.

இரண்டாவது, ஹூண்டாய் வென்யூவின் முதல் தலைமுறை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரானது. 2019இல் இதன் காட்சியக விலை 6.50 லட்சம் ரூபாயில் தொடங்கி 11.10 லட்சம் ரூபாய் வரை இருந்தது.

இவற்றின் முக்கிய அளவுகள் வருமாறு:

நீளம்: 320டி 4,624 மி.மீ.; வென்யூ 3,995 மி.மீ.
முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவு: 320டி 2,810 மி.மீ.; வென்யூ 2,500 மி.மீ.
சாமான் அறை: 320டி 480 லிட்டர், வென்யூ 350 லிட்டர்.
இயந்திரம்: 320டி 1,995 கன செ.மீ. டீசல், 184 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, வென்யூ 1.2 லிட்டர் பெட்ரோல், 83 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர், அல்லது 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர்.

இடவசதியும் ஏறி இறங்கும் வசதியும்

அளவுப் பட்டியலைப் பார்த்தால் செடானில் தாராளமாக இடம் இருக்கும் என்று தோன்றும். முன் இருக்கைகளைப் பொறுத்தவரை அது உண்மை. பின் இருக்கையில் நிலைமை சற்று வேறு. 320டி பின்சக்கரங்களால் உந்தப்படும் கார். இயந்திரத்தின் விசையைப் பின்னால் கொண்டுசெல்லும் தண்டு தரையின் நடுவே செல்வதால் அங்கே ஒரு மேடு இருக்கிறது. நடுவில் அமர்பவர் அந்த மேட்டின் இருபுறமும் கால்களை விரித்து உட்கார வேண்டும். ஆகவே இது நால்வருக்கு ஏற்ற கார். வென்யூ முன்சக்கரங்களால் உந்தப்படுவதால் அத்தகைய பெரிய மேடு இல்லை. ஆனால் அகலம் குறைவாதலால் பின்னால் மூன்று பெரியவர்கள் நெடுந்தூரம் செல்வது அங்கும் நெருக்கடிதான்.

வயதானவர்கள் உள்ள வீட்டில் இருக்கையின் உயரம் மிக முக்கியம். செடானின் இருக்கை தாழ்வானது. முழங்கால் வலி உள்ளவர்கள் குனிந்து இறங்கி உட்காரவும், எழும்போது உடலை மேலே தூக்கவும் வேண்டியிருக்கும். சிறிய எஸ்யூவியின் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருப்பதால் நாற்காலியில் அமர்வதுபோல் பக்கவாட்டில் அமர்ந்து கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளலாம்.

வேகத்தடைகளும் மழைக்காலப் பள்ளங்களும் மற்றொரு வேறுபாட்டைக் காட்டும். வென்யூவின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 190 மில்லிமீட்டர் உயரத்தில் உள்ளது. செடானின் அடிப்பகுதி தாழ்வு என்பதோடு சக்கரங்களுக்கு இடையிலான தொலைவும் அதிகம். முன்சக்கரம் மேட்டைக் கடந்து இறங்கிய பின்பும் பின்சக்கரம் மேட்டை அடையாத நிலையில் காரின் வயிறு மேட்டில் உரசுவது இதனால்தான். ஆட்கள் நிறைந்திருக்கும்போது இது கூடுதலாக நிகழும்.

ஓட்டமும் சொகுசும்

நெடுஞ்சாலையில் பழைய சொகுசு செடானின் பெருமை விளங்கும். வென்யூவின் 1.2 லிட்டர் இயந்திரத்தைவிட மூன்று மடங்குக்கும் மேலான முறுக்குவிசை இருப்பதால் லாரியை முந்துவது சில நொடிகளில் முடிந்துவிடும். எட்டுப் படிகள் கொண்ட தானியங்கிப் பற்சக்கரப் பெட்டி படி மாறுவதே தெரியாமல் இயங்கும். எடை தாழ்வாக இருப்பதால் வளைவுகளில் உடல் சாய்வதில்லை. கதவுகளின் கனமும் ஒலித்தடுப்பும் வெளியிரைச்சலைக் குறைக்கின்றன. பத்து ஆண்டு கழிந்தும் இந்த நற்குணங்கள் பெரிதும் குன்றுவதில்லை.

சிறிய எஸ்யூவி உயரமானது. ஆதலால் வளைவுகளில் சற்றுச் சாயும். பலத்த பக்கக்காற்றில் அசைவு தெரியும். டர்போ வகையின் இயந்திரம் மூன்று உருளைகளைக் கொண்டதால் நிற்கும்போது மெல்லிய அதிர்வு உணரப்படும். அதன் இரட்டைக் கிளட்ச் தானியங்கி உலர் வகையைச் சேர்ந்தது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து செல்லும்போது சூடேறக்கூடும். நகரத்துக்குள்ளோ இதன் குறுகிய நீளமும் உயரமான பார்வையும் பெரிய வசதி. நிறுத்துமிடம் தேடி அலைபவர்களுக்கு 63 சென்டிமீட்டர் நீளக் குறைவு சிறிய செய்தியல்ல.

எரிபொருள் செலவில் எதிர்பார்க்கும் அளவு இடைவெளி இல்லை. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் டீசல் செடான், நகர நெரிசலில் ஓடும் சிறிய பெட்ரோல் காரைவிடக் கூடுதல் தூரம் தருவதும் உண்டு. பழைய பெட்ரோல் செடான் வாங்குவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இப்போது இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. பல பழைய கார்களின் ரப்பர்க் குழாய்களும் அடைப்பு வளையங்களும் அந்தக் கலவைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல.

பாதுகாப்பு

பழைய சொகுசுக் காரா, புதிய சிறிய காரா, எது பாதுகாப்பானது என்பதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது.

எஃப்30 தலைமுறை 2012இல் யூரோ என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆறு காற்றுப்பைகளும், கார் சறுக்கும்போது தானாகவே தனிச்சக்கரங்களுக்குத் தடைபோட்டு நேராக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் அதில் இருந்தன. அக்காலத்தில் இந்தியாவின் சிறிய கார்கள் பலவற்றில் ஒரு காற்றுப்பைகூட இல்லை. வென்யூ 2019இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கான ஆன்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. அது அங்கு விற்கப்பட்ட வகைக்கு உரியது. ஹூண்டாய் நிறுவனம் 2023 அக்டோபரில் இந்தியாவில் தன் எல்லாக் கார்களின் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகளைப் பொருத்துவதாக அறிவித்தது. ஆகவே 2019இல் வாங்கிய வென்யூவும் 2024இல் வாங்கிய வென்யூவும் பாதுகாப்பில் ஒன்றல்ல.

நட்சத்திரங்களை அப்படியே எண்ணி ஒப்பிடுவது தவறு. சோதனை விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுகின்றன. அமைப்புக்கு அமைப்பு அளவுகோலும் மாறும். ஒரு காரின் நட்சத்திரம் அந்த ஆண்டின் அந்தத் தேர்வில் அது பெற்ற மதிப்பெண் மட்டுமே.

இயற்பியல் விதி ஒன்றும் இங்கே உண்டு. இரு வாகனங்கள் நேருக்கு நேர் மோதும்போது எடை மிகுந்ததன் வேகம் குறைவாகவே மாறும். எடை குறைந்ததன் வேகம் திடீரென மிகுதியாக மாறும். ஏறத்தாழ 1,500 கிலோ எடையுள்ள செடானுக்கு இதில் சாதகம் உண்டு. ஆனால் அந்தச் சாதகம் கார் நல்ல நிலையில் இருந்தால்தான். தேய்ந்த டயர், பழைய தடை எண்ணெய், முன்பு நடந்த விபத்துக்குப் பின் அரைகுறையாகச் சரிசெய்யப்பட்ட சட்டம், மாற்றப்படாமல் விட்ட காற்றுப்பை ஆகியவை இருந்தால் ஐந்து நட்சத்திரம் காகிதத்தில் மட்டுமே நிற்கும்.

வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும்

புதிய கார் தன் மதிப்பை முதல் சில ஆண்டுகளில்தான் மிகுதியாக இழக்கிறது. பழைய சொகுசுக் காரில் அந்த இழப்பை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார். முப்பது லட்சத்துக்கு விற்ற கார் பத்து லட்சத்துக்கு வரும்போது, இருபது லட்சம் இழப்பு வாங்குபவருடையது அல்ல. பழைய சொகுசுக் காரை வாங்கச் சொல்வோரின் வலுவான வாதம் இதுதான். அது நியாயமான வாதமும்கூட.

ஆனால் பத்து லட்சத்துக்கு வாங்கினாலும் அது முப்பது லட்சம் ரூபாய்க் காராகவே செலவு கேட்கும். சில எடுத்துக்காட்டுகள் இதை விளக்கும்.

டயர்: 320டி காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய சிறப்பு டயர்களுடன் வந்தது. இவற்றின் விலை சாதாரண டயரைவிட அதிகம்.

மின்கலம்: இது சாமான் அறையில் உள்ளது. புதிய மின்கலத்தைப் பொருத்தினால் மட்டும் போதாது. காரின் கணினியில் அதைப் பதிவுசெய்யவும் வேண்டும். இல்லையெனில் பழைய மின்கலத்துக்கு உரிய அளவிலேயே மின்னேற்றம் நடந்து புதியதன் ஆயுள் குறையும்.

பற்சக்கரப் பெட்டி எண்ணெய்: இது காரின் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று ஒரு காலத்தில் கூறப்பட்டது. அப்பெட்டியைத் தயாரித்த இசட்.எஃப். நிறுவனமோ குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மாற்றப் பரிந்துரைக்கிறது. வடிகட்டி அடித்தட்டுடன் இணைந்தே இருப்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இயந்திரச் சங்கிலி: எஃப்30இன் தொடக்க ஆண்டுகளில் இருந்த என்47 வகை டீசல் இயந்திரத்தில், வால்வுகளை இயக்கும் சங்கிலி பற்சக்கரப் பெட்டியை ஒட்டிய பின்பக்கத்தில் உள்ளது. அதை மாற்ற வேண்டிவந்தால் பெரும் பகுதியைக் கழற்ற நேரும். பாகத்தின் விலையைவிடக் கூலி முந்திக்கொள்ளும்.

ரப்பரும் நெகிழியும்: சஸ்பென்ஷன் புஷ்கள், இயந்திரத் தாங்கிகள், குளிர்நீர்க் குழாய்கள் போன்றவை ஓடினாலும் நின்றாலும் வயதால் இறுகி வெடிக்கும். குறைந்த கிலோமீட்டர் ஓடிய கார் என்பதால் மட்டும் இவை புதிதாக இருப்பதில்லை.

மறுபுறம், வென்யூவுக்கு உத்தரவாதக் காலம் உண்டு. சிறு நகரங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட பணிமனை உண்டு. உள்ளூர் மெக்கானிக்கிடமும் பல வேலைகளை முடித்துக்கொள்ளலாம். சொகுசுக் காருக்குப் பெரும்பாலும் பெருநகரத்துக்குத்தான் போக வேண்டும். வழியில் நின்றுவிட்டால் இழுத்துச் செல்லும் வண்டியின் வாடகையும் கணக்கில் சேரும்.

ஆகவே ஒப்பிட வேண்டியது வாங்கும் விலையை அல்ல. வாங்கும் விலையிலிருந்து ஐந்து ஆண்டு கழித்து விற்றால் கிடைக்கக்கூடிய தொகையைக் கழித்து, அதோடு பராமரிப்பு, காப்பீடு, எரிபொருள், கடன் வட்டி ஆகியவற்றைக் கூட்டி வரும் தொகையை ஒப்பிட வேண்டும். பழைய காருக்கான கடனின் வட்டி வீதம் பொதுவாகப் புதிய காருக்கானதைவிட அதிகம் என்பதையும் மறக்கலாகாது.

காப்பீடு

மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் காரின் விலையைப் பார்ப்பதில்லை. இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்க்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி ஆண்டுக்கு 1,000 கன செ.மீ. வரை ரூ. 2,094, அதற்குமேல் 1,500 வரை ரூ. 3,416, 1,500க்கு மேல் ரூ. 7,897, வரி தனி. கார் எவ்வளவு பழையதானாலும் 320டி கடைசி வகையிலேயே இருக்கும்.

சொந்தச் சேதக் காப்பீட்டில் மற்றொரு சிக்கல் உண்டு. சேதமடைந்த ரப்பர், நெகிழிப் பாகங்கள், டயர், மின்கலம், காற்றுப்பை ஆகியவற்றுக்கு வழக்கமான பாலிசியில் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும். உலோகப் பாகங்களுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வயதில் 40 விழுக்காடும், பத்து ஆண்டைத் தாண்டினால் 50 விழுக்காடும் கழியும். இந்தக் கழிவைத் தவிர்க்கும் தேய்மானமில்லாப் பாலிசி பத்து வயதுக் காருக்குக் கிடைப்பது அரிது. எனவே சிறு மோதலில்கூடப் பாதிச் செலவு உரிமையாளரின் கையிலிருந்து போகும். அந்தப் பாதியும் சொகுசுக் காரின் பாக விலையில் பாதி.

பழைய சொகுசுக் காரை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

விலை மிகவும் குறைவாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதே வாங்குபவரின் முதல் வேலை.

வெளிமாநிலக் கார்: டெல்லித் தலைநகரப் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் கார்கள் மீது கட்டுப்பாடு விதித்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்தது. இதனால் அங்கிருந்து பல சொகுசு டீசல் கார்கள் மலிவு விலையில் பிற மாநிலங்களுக்கு வந்தன. அத்தகைய காரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர, பதிவுசெய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. இங்கே வரியும் மறுபதிவுச் செலவும் உண்டு. இவற்றைக் கூட்டினால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்: சென்னை 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருவெள்ளத்தைக் கண்டது. சொகுசுக் கார்களில் மின்னணுப் பெட்டிகள் பலவும் தாழ்வான இடங்களில் உள்ளன. நனைந்தவை உடனே கெடாமல் மாதங்கள் கழித்தும் பழுதாகும். இருக்கைப் பட்டையை முழு நீளத்துக்கு இழுத்துப் பார்த்தால் அதன் அடிப்பகுதியில் சேற்றுக்கறை தெரியக்கூடும். இருக்கைத் தண்டவாளத்தின் துருவும், விரிப்பின் அடியில் உள்ள படிவும் சாட்சி சொல்லும்.

பணிமனைப் பதிவு: வாகன அடையாள எண்ணைக் கொண்டு அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் பழைய பராமரிப்பு விவரத்தைக் கேட்கலாம். கிலோமீட்டர் குறைத்துக் காட்டப்பட்டிருந்தால் அங்கே வெளிப்படும். திரும்ப அழைப்புப் பணி ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்றும் கேட்க வேண்டும். 2018இல் தென்கொரியாவிலும் ஐரோப்பாவிலும் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் பல, புகைச் சுழற்சிக் குளிர்விப்பானில் ஏற்பட்ட கசிவால் தீப்பிடிக்கும் அபாயம் காரணமாகத் திரும்ப அழைக்கப்பட்டன.

கணினிச் சோதனை: எச்சரிக்கை விளக்குகளை அணைத்து வைப்பது எளிது. கண்டறியும் கருவியை இணைத்துப் பார்த்தால்தான் மறைந்திருக்கும் பிழைகள் தெரியும். இந்தச் சோதனைக்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

பதிவுக் காலம்: சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக் காரை வாங்குபவருக்கு அந்த நாள் மூன்றே ஆண்டுத் தொலைவில் இருக்கிறது.

யாருக்கு எது பொருந்தும்

வீட்டில் ஒரே கார், அதில்தான் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போக வேண்டும், வயதானவர்கள் உண்டு, அருகில் பெரிய பணிமனை இல்லை என்ற நிலையில் சிறிய எஸ்யூவியே பொருத்தமானது. புதியதை வாங்க இயலாதவர்கள் இரண்டு மூன்று ஆண்டு ஓடியதைத் தேடலாம். ஆறு காற்றுப்பைகளும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் உள்ள வகையா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது, நெடுஞ்சாலைப் பயணம் அதிகம், பெருநகரம் பக்கத்தில் உள்ளது, கார் ஒரு மாதம் பணிமனையில் நின்றாலும் வேலை கெடாது என்பவர்களுக்குப் பழைய சொகுசு செடான் நிறைவைத் தரும். அந்த விலையில் அத்தகைய ஓட்டத்தைத் தரும் புதிய கார் கிடையாது.

ஐயம் தீராதவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. காரைப் பார்க்கப் போகும் முன்பே, அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் ஐந்து பொருள்களுக்கு விலை கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: நான்கு டயர்கள், பதிவுடன் சேர்த்து மின்கலம், முன்பக்கச் சஸ்பென்ஷன் கைகள் ஒரு தொகுதி, பற்சக்கரப் பெட்டி எண்ணெய் மாற்றம், ஒரு முகப்பு விளக்கு. பத்து வயதுக் காரில் இவற்றுள் இரண்டு மூன்றாவது முதல் இரண்டு ஆண்டுக்குள் தேவைப்படும் என்று எண்ணிக்கொள்வது விவேகம். கூட்டுத்தொகையைக் காரின் விலையோடு சேர்த்த பின்பும் கையில் பணம் மிஞ்சினால் அந்தக் காரை வாங்கலாம். சேமிப்பு முழுவதையும் காரின் விலைக்கே கொடுத்துவிட்டு வருபவருக்கு, முதல் பெரிய பழுது வரும்வரைதான் அது சொகுசுக் கார்.